கடலைக்காட்டு மாடும் முதல் அட்டையும்

ஆறுச்சாமி கெட்டவனாக இருந்திருந்தால் கமலாத்தாளுக்கு எவ்வளவோ சௌகரியமாக இருந்திருக்கும். குடிகாரன், சீட்டாடி, முதல் பெண்டாட்டியை அடித்துச் சாகடித்தவன் என்று ஏதாவது ஒன்றைச் சொல்ல முடிந்தால் போதும், பெருமாட்டி ஊரே அவள் பக்கம் நின்றிருக்கும். அந்த மனிதனோ பீடிகூடப் பிடிக்காதவன். மஞ்சள்காமாலையில் போய்ச் சேர்ந்த மனைவியை நினைத்து வருஷந்தவறாமல் படையல் போடுகிறவன். கோபாலபுரத்தில் தேங்காய்க் களம், சொந்தமாக ஒரு மோட்டார் சைக்கிள், வாயைத் திறந்தால் மரியாதையான பேச்சு. அத்தை மகன் வேறு. வேண்டாம் என்று சொல்ல ஒரு பெண்ணுக்கு என்ன காரணம் இருக்க முடியும்? கமலாத்தாளிடம் ஒரே ஒரு காரணம்தான் இருந்தது. வெளியே சொன்னால் சிரிப்பார்கள். அவளுக்கு ஈயம் பற்றவைக்கிற வேலை பிடித்திருந்தது.

கஞ்சிக்கோட்டில் அப்போது ஒரு சின்ன ரேடியோ கம்பெனி நடந்தது. பத்தாவது முடித்த பெண்களாகப் பொறுக்கி எடுத்து, நீள பெஞ்சில் வரிசையாக உட்காரவைத்து, ஆளுக்கொரு சால்டரிங் அயனைக் கையில் கொடுத்தார்கள். எதிரே மாதிரி போர்டு ஒன்று சாய்த்து வைத்திருக்கும். அதில் இருப்பதை அப்படியே தன் போர்டில் செய்ய வேண்டும், அவ்வளவுதான். “மூளைய கேட்டுல வெச்சிட்டு வாங்க, போகும்போது எடுத்துக்கலாம்” என்று சூப்பர்வைசர் தினமும் ஓதுவார். கமலாத்தாளால் அது முடியவில்லை. இந்தக் கோடு ஏன் சுற்றி வளைத்துப் போகிறது, நேராகப் போட்டால் என்ன கெட்டுப்போகும் என்று கேட்டுக் கேட்டுத் திட்டு வாங்கினாள்.

பக்கத்து இடம் சிசிலியுடையது. ஏலக்காய்த் தோட்டங்கள் நிறைந்த சக்குபள்ளத்திலிருந்து வந்து, பாலக்காட்டில் கன்னியர் விடுதியில் தங்கி வேலை பார்த்தவள். அவளுக்கு இந்தக் கேள்வித் தொல்லையெல்லாம் கிடையாது. மாதிரியில் உள்ளதை மயிரிழை பிசகாமல் எடுத்துவைப்பாள். ஈயடிச்சான் காப்பி என்றே பெண்கள் அவளுக்குப் பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். அவளும் சிரித்துக்கொள்வாள். சிசிலி சிரித்தால் பெஞ்சே சிரிக்கும், அப்படி ஒரு முகராசி. கமலாத்தாள் திட்டு வாங்கி மூக்கை உறிஞ்சும் நாட்களில் சிசிலிதான் தன் தூக்குச்சட்டியை அவள் பக்கம் தள்ளி, “தின்னுட்டி. அந்தாளு கெடக்கான்” என்பாள்.

எழுபத்தெட்டாம் வருஷம் வைகாசியில் கம்பெனியில் சமரம் வந்தது, எல்லோரும் வேலைநிறுத்தம் செய்தார்கள். முதலாளி கதவைச் சாத்திக்கொண்டு போனவர் போனவர்தான். கமலாத்தாள் வீட்டுக்கு வந்து உட்கார்ந்ததும் அப்பா சின்னையன் பேச்சை எடுத்தார்.

“கம்பெனியும் போச்சு. இனி உங்கத்தைக்கு ஒரு பதில் சொல்லோணுமல்லோ அம்மணி?”

“எனக்கு இப்பக் கண்ணாலம் வேண்டாமுங்கப்பா. கையில தொழிலு இருக்குதுங்க.”

சின்னையன் தென்னந்தோப்பும் கடலைக்காடும் வைத்துப் பிழைக்கிற விவசாயி. கத்துகிறவர் இல்லை. “செரி. தைப்பூசம் வரைக்கும் பொறுக்கறேன். அதுக்குள்ள நீயா நிக்கறதுக்கு ஒரு வழியக் காட்டு. காட்டீட்டீன்னா ஆறுச்சாமிகிட்ட நானே போயி வேற எடம் பாக்கச் சொல்லிப்போடறேன். இல்லாட்டி நாஞ் சொல்றதுக்குத் தலையாட்டோணும். பேச்சு பேச்சா இருக்கோணும்” என்றார்.

“இருக்கும்ங்கப்பா” என்றாள் கமலாத்தாள். எந்தத் தைரியத்தில் சொன்னாளோ, அவளுக்கே தெரியாது.

தைரியம் ஆனி மாதம் வந்து சேர்ந்தது, ஒரு தகரப் பெட்டிக்குள். சிசிலியின் அண்ணன் பாஸ்கல் கப்பலில் வேலை பார்ப்பவன். ஜெர்மனித் துறைமுகத்தில் எவனோ பழைய சாமான் என்று விற்றதை வாங்கி, மெட்ராசில் ஒரு பழைய டி.வி.யும் பிடித்து, இரண்டையும் தங்கச்சிக்குக் கொடுத்தனுப்பியிருந்தான். டி.வி. என்ற சாமானைப் பாலக்காட்டுப் பக்கம் கண்ணால் கண்டவர்களை அப்போது விரல்விட்டு எண்ணலாம். எந்த நிலையமும் எட்டாத ஊரில் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அதற்குத்தான் அந்தப் பெட்டி. விளையாட்டுப் பெட்டி. அதிலிருந்து இரண்டு வயர் நீண்டிருக்கும், வயர் முனையில் திருகுகிற குமிழ் வைத்த டப்பா ஆளுக்கு ஒன்று. பெட்டியை டி.வி.யோடு சேர்த்தால் திரையில் வெள்ளைச் சதுரங்கள் வரும். குமிழைத் திருகினால் சதுரம் நகரும். பெட்டியின் வாயில் ஓர் அட்டையைச் செருகினால் பந்தாட்டம், இன்னோர் அட்டையைச் செருகினால் ஓடிப்பிடிக்கிற ஆட்டம். இருந்ததே மூன்று அட்டை. மற்றதெல்லாம் கைமாறிக் கைமாறி எங்கேயோ தொலைந்துபோயிருந்தன.

கொழிஞ்சாம்பாறைச் சந்தைக்குப் பின்னால் சிசிலி ஓர் அறை எடுத்தாள். அங்கே முதல் நாளே கமலாத்தாள் அட்டைகளைப் புரட்டிப் பார்த்தாள். பார்த்தவளுக்கு வாய் பிளந்துவிட்டது. ஒரு அட்டையிலும் ஒரு சாமானும் இல்லை! வெறும் செம்புக் கோடுகள், ஓரத்தில் கோடுகள் வந்து முடிகிற பல் வரிசை. இந்தப் பல்லை அந்தப் பல்லோடு சேர், அந்தப் பல்லை விட்டுவிடு என்பதற்கு மேல் அட்டைக்கு ஒரு வேலையும் கிடையாது.

“சிசிலி, வித்தையெல்லாம் பொட்டிக்குள்ளயே இருக்குது பாரு. எதை எதோட சேக்கறதுன்னு சொல்றது மட்டுந்தான் இது. கோட்டை மாத்திப் போட்டா ஆட்டமே மாறீரும்!”

“மாத்திப் போட ஒனக்குத் தெரியுமா?”

“தெரியாது. ஆனாப் பாத்துருவேன்.”

பார்த்துவிட்டாள். பெட்டியின் வாய்க்குள் மெல்லிய கம்பிகளை மாற்றி மாற்றிச் செருகி, எது எதைச் செய்கிறது என்று கற்றுக்கொண்டாள். ஒன்று சுவரை நகர்த்தியது. ஒன்று, இரண்டு சதுரங்கள் முட்டிக்கொண்டால் ஒன்றை மறையச் செய்தது. அந்த மறைகிற வித்தையைப் பார்த்ததும் அவளுக்கு அப்பாவின் கடலைக்காடு ஞாபகம் வந்தது. காட்டுக்குள் மாடு புகுந்துவிடுகிறது. காவல்காரன் துரத்துகிறான். தொட்டால் மாடு அவுட்.

செம்பு ஒட்டின பழுப்புப் பலகையைக் கோயமுத்தூரிலிருந்து வரவழைத்தார்கள். கோடு வரைய மை வேண்டுமே? சிசிலியின் சிவப்பு கியூட்டெக்ஸ் கைகொடுத்தது. அந்த நகப்பூச்சால் கோடுகளை வரைந்து காயவிட்டு, செம்பைத் தின்னும் திராவகத்தில் முக்கினால் பூச்சு இல்லாத இடமெல்லாம் கரைந்து, கோடு மட்டும் நிற்கும். வரைந்துகொண்டிருந்தபோது கமலாத்தாள் தும்மித் தொலைத்தாள். ஓரத்தில் ஒரு சொட்டு சிவப்பு விழுந்தது. எதோடும் ஒட்டாத வெற்று இடம்தானே, கிடக்கட்டும் என்று விட்டுவிட்டாள். கண்ணாடித்தாளில் கடலைச் செடிகளும் வரப்பும் வரைந்து திரைமேல் ஒட்டினாள். கடலைக்காட்டு மாடு தயாராகிவிட்டது.

ஆடியில் மாரியம்மன் நோம்பிக்குப் பந்தல் போட்டார்கள். சிசிலி மைக்கைப் பிடித்துக்கொண்டு, “வாங்க வாங்க, கடலைக்காட்டுல மாடு புகுந்துருச்சு, புடிக்க ஆம்பள யாருமில்லையா?” என்று கேட்டாள் பாருங்கள், கூட்டம் பந்தக்காலைச் சாய்த்துவிடும்போல ஆகிவிட்டது. ஆனால் ஒரு கோளாறு. திரையின் இடது ஓரத்தில் வைத்து மாட்டைத் தொட்டால் மறையும். மறைந்த மாடு மங்கலாகத் திரும்பி வந்து நிற்கும். “புடிச்சாச்சு!” என்று ஒருவன் கத்த, “எங்கடா புடிச்சே, அங்க நிக்குது பாரு!” என்று மற்றவன் சட்டையைப் பிடிக்க, பந்தலுக்குள் அடிதடி ஆகாத குறை. பேய் மாடு என்று பெயரே வைத்துவிட்டார்கள். கமலாத்தாளுக்கு மானம் போயிற்று. ஒரு கோட்டைத் தப்பான பல்லோடு சேர்த்திருந்தாள். நோம்பி முடிந்த மறுநாளே புது அட்டை செய்தாள். இந்த முறை கோடு வேறு வழியாகப் போயிற்று, மாடும் தொட்டால் தொட்டதுதான் என்று ஒழுங்காக மறைந்தது. பழைய அட்டையைக் கையோடு எடுத்து வைத்துக்கொண்டு, தன் தப்பு உலகத்தில் இருக்கவே கூடாது என்ற ரோஷத்தோடு, செம்பு முழுவதையும் கத்தியால் சுரண்டி எறிந்தாள். கத்தியைத் தீட்டிக் கொடுத்தவள் சிசிலி.

ஆவணியில் ஒரு நாள் சின்னையன் அந்த அறைக்கு வந்தார். பெண் எதை நம்பி இறங்கியிருக்கிறாள் என்று பார்க்க வேண்டாமா? பெட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். ஒன்றும் பிடிபடவில்லை. நேராகச் சிசிலியிடமே கேட்டார்.

“ஏம்மா, பொட்டி உங்கண்ணனுது. நாளைக்கு வேண்டாம்னு நீங்க எடுத்துட்டுப் போய்ட்டீங்கன்னா எம்பொண்ணு கதி என்னாகறது? தைப்பூசத்துக்கு நான் ஒரு மனுசனுக்குப் பதில் சொல்லோணும். அதுக்குத்தான் கேக்கறேன், மனசுல ஒண்ணும் வெச்சுக்காதே.”

சிசிலி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். “எங்கம்மா மேல ஆணையா சொல்லுதேன்ப்பா. கமலாவ விட்டுட்டு நான் எங்கயும் போவ மாட்டேன். தை மாசம் கொழிஞ்சாம்பாறையில கடை போடுதோம். போர்டுல ரெண்டு பேரு பேரும் இருக்கும். ஒங்க மவளுக்கு நான் இருக்கேன்.”

சின்னையனுக்குக் கண் கலங்கிவிட்டது. மறுநாள் ஒரு மூட்டைக் கடலைக்காய் அறைக்கு வந்தது. சிசிலி அதை வேகவைத்துத் தின்றுகொண்டே, “ஒங்கப்பா மாதிரி ஒரு அப்பா எனக்கு வாய்க்கலியே” என்று அழுதாள். பொய்யாகவா அழுதாள்? அதுதான் கமலாத்தாளுக்கு இன்றுவரை விளங்காத சங்கதி.

அதற்குப் பிறகு நான்கு மாதம். பக்கத்துச் சித்தூர், வண்ணாமடை, மீனாட்சிபுரம், பொள்ளாச்சி வரைக்கும் போய்ப் பந்தல் போட்டார்கள். கமலாத்தாள் புதிது புதிதாக அட்டை செய்தாள். வாய்க்காலைத் தாண்டுகிற ஆட்டம், ரேக்ளா ஓட்டம், தேர் இழுக்கிற ஆட்டம். தினமும் காலையில் எழுந்தால் செய்வதற்கு ஏதோ ஒன்று இருந்தது. அந்த மாதிரி சந்தோஷமாக அவள் அதற்கு முன்பும் இருந்ததில்லை, பின்பும் இருந்ததில்லை.

மார்கழி பிறந்ததும் சிசிலி கிறிஸ்துமஸுக்கு ஊருக்குக் கிளம்பினாள். “அண்ணன் லீவுல வந்திருக்கான். பொட்டியில பேட்டரி போடுற எடம் கழண்டு கெடக்குல்லா, அவன்ட்ட குடுத்துச் சரி பண்ணிட்டு வந்துருதேன். அட்டையெல்லாமும் எடுத்துட்டுப் போறேன், அம்மாவுக்குக் காட்டணும்” என்றாள். கமலாத்தாளே பழைய சேலையில் அட்டைகளைச் சுற்றி, முடிச்சுப் போட்டு, பஸ்ஸில் ஏற்றிவிட்டாள். புது வருஷம் வந்தது, சிசிலி வரவில்லை. பொங்கல் வந்தது. கடிதம் போட்டாள், பதில் இல்லை. சின்னையன் சாப்பிடும்போது ஒருமுறை மகளின் முகத்தைப் பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

பூசத்துக்கு இன்னும் சில வாரம் இருக்கும்போது அவளே கிளம்பினாள். பொள்ளாச்சி, உடுமலை, தேனி, கம்பம் என்று பஸ் மாறி மாறி, கம்பம்மெட்டு மலைப்பாதை ஏறும்வரை அவள் மனசு சிசிலிக்காக வக்கீல் வேலை பார்த்தது. காய்ச்சலாக இருக்கும். அவுங்கம்மாளுக்கு முடியாமல் போயிருக்கும். கடிதம் போய்ச் சேர்ந்திருக்காது. தபால்காரன் எவன் ஒழுங்கு?

சக்குபள்ளத்தில் தோட்டக் கூலிகளின் லயத்து வீட்டு வாசலில் சிசிலியின் தாய் செபமாலையம்மாள் முறத்தில் ஏலக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தாள். கல்லுக்குண்டாட்டம் இருந்தாள். கமலாத்தாள் பெயரைச் சொன்னதும் முகம் மலர்ந்து, “ஒன்னியப் பத்தித்தான் எந்நேரமும் பேச்சு! அவ செபஸ்தியார் பெருநாளுக்குப் பந்தல் போட்டுருக்கா தாயி, கோயில் மைதானத்துல. ரெண்டு பொட்டியும் அங்கதான் இருக்கு, போ” என்றாள்.

“ரெண்டா?”

“ஆமா, ரெண்டுதான்” என்றாள் அந்தம்மாள், இதில் என்ன அதிசயம் என்பதுபோல.

மைதானத்தில் கால் வைக்கும்போதே மைக்கில் அந்தக் குரல் கேட்டது. “வாங்க வாங்க, கடலைக்காட்டுல மாடு புகுந்துருச்சு...” ஏலக்காட்டில் எவன் கடலை விதைத்தான்? ஆனாலும் கூட்டம் நெரிந்தது. சிசிலி அவளைப் பார்த்ததும் பேச்சு பாதியில் நின்றது. மைக்கை அண்ணனிடம் கொடுத்துவிட்டு ஓடிவந்து கட்டிப்பிடித்துக்கொண்டாள். பந்தலுக்குப் பின்னால் கூட்டிப்போய், பெஞ்சில் உட்காரவைத்து, டீ வாங்கிக் கொடுத்தாள்.

“நானே வரணும்னுதான் இருந்தேன்ட்டி. அண்ணன் இந்தத் தடவை வாறப்ப இன்னொரு பொட்டி வாங்கிட்டு வந்துட்டான். பெருநாள் சீசன், விட மாட்டேன்னுட்டான். நீ குடுத்துவிட்ட அட்டையப் பாத்து அதுக்கும் ஒரு செட்டு போன வாரம்தான் செஞ்சோம். ஒன்ட்ட கேக்காம செஞ்சது தப்புதான். ஏசணும்னா ஏசிக்க.”

கமலாத்தாளுக்கு நெஞ்சில் கிடந்த கல் உருண்டு இறங்கியது. இவ்வளவுதானா! அண்ணன்காரன் பிடிவாதம், அவசரத்தில் ஒரு தப்பு. இதற்குப் போய் என்னென்னவோ நினைத்தோமே என்று தன்னையே திட்டிக்கொண்டாள். “நீ ஒரு கடுதாசியாச்சும் போட்டிருக்கக் கூடாதா? அப்பா மூஞ்சியப் பாக்க முடியலை. செரி, உடு. பூசத்துக்கு முன்னால ஒருக்கா எங்கூட்டுக்கு வந்து அப்பாகிட்டச் சொல்லிப்போடு, போதும்.”

“வாறேன். சத்தியமா வாறேன்” என்றாள் சிசிலி.

அந்த நேரம் பார்த்து பந்தலுக்குள்ளிருந்து ஒரு கூச்சல். “டேய், செத்த மாடு திரும்பி வந்துருச்சுடா!” சிரிப்பு வெடித்தது. கமலாத்தாள் டீ தம்ளரைக் கீழே வைத்தாள். ஆடி மாதத்தில் அவளைத் தலைகுனிய வைத்த அதே சிரிப்பு. எழுந்து உள்ளே போனாள். இரண்டு டி.வி. இருந்தன. புதுப் பெட்டி மாட்டியிருந்த டி.வி.யில், இடது ஓரத்தில், தொடப்பட்ட மாடு மறைந்து மங்கலாகத் திரும்பி வந்து நின்றுகொண்டிருந்தது.

ஆடிக்கொண்டிருந்தவர்கள் கத்தக் கத்த, அவள் கையை நீட்டி அட்டையை உருவினாள். திருப்பிப் பார்த்தாள். கோடு பழைய தப்பான வழியில் போய், பழைய தப்பான பல்லில் முட்டியது. ஓரத்தில், எதோடும் ஒட்டாமல், ஒரு செம்புப் பொட்டு. அவள் தும்மியபோது விழுந்த சொட்டு. கோட்டோடு கோடாக அதையும் அக்கறையாக எடுத்து, வட்டம் பிசகாமல் வைத்திருந்தார்கள். கம்பெனி பெஞ்சில் சொல்லிக்கொடுத்த வேலை அப்படி.

பின்னாலேயே வந்து நின்ற சிசிலியிடம் அட்டையை நீட்டினாள்.

“இது எப்ப எடுத்தது?”

“அதான் சொன்னேன்லா, போன வாரம்...”

“சிசிலி, மார்கழியில நான் உங்கிட்டக் குடுத்துட்ட அட்டை ரெண்டாவது அட்டை. அதுல இந்தக் கோடு கெடையாது. இந்தச் சொட்டும் கெடையாது. இது மொத அட்டை. இதை நோம்பி முடிஞ்ச மறுநாளே நாஞ் சொரண்டிப்போட்டேன். நீதான் பக்கத்துல உக்காந்து கத்தி தீட்டிக் குடுத்தே. இல்லாத அட்டையப் பாத்துப் போன வாரம் எப்படிச் செஞ்சே?”

மறைக்க இனி இடமில்லை என்று தெரிந்ததும் சிசிலி அண்ணனைப் பார்த்தாள். அவன் மைக்கைப் பிடித்துக்கொண்டு கூட்டத்தைச் சமாதானம் செய்துகொண்டிருந்தான்.

“அது செஞ்ச அன்னைக்கே” என்றாள் மெதுவாக. “நீ குளிக்கப் போயிருந்த. காகிதத்த மேல வெச்சுப் பென்சிலால தேச்சு எடுத்து அனுப்பிட்டேன். ரெண்டாவது பொட்டி மொதல்லருந்தே இங்கதான் இருந்துச்சு. அண்ணன் கப்பல்ல இருந்தப்ப எங்க சித்தப்பா ஓட்டிட்டு இருந்தாரு.”

“எங்கப்பா வந்து கேட்டப்ப அவரு கையப் புடிச்சுட்டுச் சொன்னியே. அப்ப?”

“அதுக்கு முன்னாலயே அனுப்பிட்டேன்.”

“அனுப்பிப்போட்டா அம்மா மேல ஆணை வெச்சே?”

சிசிலிக்குக் கண்ணில் தண்ணீர் கோர்த்திருந்தது. “மொதல்ல அண்ணன் சொன்னான்னு செஞ்சேன்ட்டி. ஒன்ட்ட சொன்னா நீ அடுத்த அட்ட செய்ய மாட்டேன்னான். அப்புறம் ஒன்னிய ரொம்பப் புடிச்சுப்போச்சு. புடிச்சப்புறம் எப்படிச் சொல்லுவேன்? நாக்கு வரல.”

சண்டைக்காரியாக இருந்தால் கமலாத்தாள் மயிரைப் பிடித்திருப்பாள். அவளுக்கு அது வரவில்லை. ஒரே தட்டில் தின்ற சோறும், ஒரே பாயில் படுத்துக்கொண்டு பேசின கடையும், நாலு மாதச் சந்தோஷமும் எல்லாம் பின்னாலிருந்து அழுகிக்கொண்டே வந்தன. ஒரு நாளாவது மிச்சம் இருக்கட்டும் என்று தேடிப் பார்த்தாள். முதல் நாளிலிருந்தே களவு நடந்திருக்கும்போது எந்த நாளைத் தனியாகப் பிரித்து எடுத்து வைத்துக்கொள்வது?

பாஸ்கல் வந்தான். தன்மையான ஆள், அதையும் சொல்லத்தான் வேண்டும். “நின்னுக்கிட்டே பேசுறீங்களே தங்கச்சி. ஒங்க கை வேலைய நான் கொறச்சுச் சொல்லல. இங்கயே இருங்க. எங்கம்மா கூடத் தங்கிக்கிடலாம். மாசச் சம்பளம் போட்டுக் குடுத்துடுதேன். அட்ட மட்டும் செஞ்சு குடுங்க.”

“கடைன்னு சொன்னாங்களே. போர்டுல ரெண்டு பேருன்னு...”

“பொட்டி நம்மளுதுல்லா” என்றான் அவன், குழந்தைக்குச் சொல்வதுபோல.

கமலாத்தாள் சிசிலியைப் பார்த்தாள். ‘இல்ல அண்ணே, கடை உண்டு’ என்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அந்த ஒரு வார்த்தைக்காக, எல்லாவற்றையும் முழுங்கிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருப்பாள், வெட்கத்தை விட்டுச் சொன்னால். சிசிலி தன் நகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“எனக்கு வேண்டாமுங்க” என்று சொல்லி, அட்டையைப் பெட்டியின் வாயிலேயே திரும்பச் செருகிவிட்டுக் கமலாத்தாள் நடந்தாள். சிசிலி மைதான ஓரம்வரை ஓடிவந்தாள். “கமலா, ஒங்கப்பாட்ட நான் வந்து பேசுதேன்!”

“எங்கூட்டுப் பக்கம் வந்துராதே” என்றாள் கமலாத்தாள், திரும்பிப் பார்க்காமல். பஸ் மெட்டு இறங்கும்போதுதான் அழுதாள். பக்கத்தில் இருந்த கிழவர் யாரோ செத்துப்போய்விட்டார்கள் என்று நினைத்து, ஜன்னலோர இடத்தை அவளுக்கு விட்டுக்கொடுத்தார்.

வீட்டில் சின்னையன் பம்புசெட்டு வாய்க்காலில் கால் கழுவிக்கொண்டிருந்தார். வெறுங்கையோடு வந்த மகளைப் பார்த்தார்.

“அந்தப் புள்ள என்ன சொல்லுச்சு?”

சொல்லியிருக்கலாம். ‘உங்க கையப் புடிச்சுட்டே ஏமாத்திப்போட்டாளுங்கப்பா’ என்று சொன்னால், அந்த மனுஷன் தான் அனுப்பின கடலை மூட்டையை நினைப்பார், கலங்கின கண்ணை நினைப்பார். தன்னைப்போல இவரும் ஒவ்வொரு நாளாகத் தேடிப் பார்க்க வேண்டுமா?

“அவுங்கம்மா படுத்த படுக்கையா இருக்கறாங்கப்பா. அவளால இனி வர முடியாதுங்க.”

“அய்யோ பாவமே” என்றார் சின்னையன். “தங்கமான புள்ள. அவளைக் கொறை சொல்லாதே அம்மணி.”

“சொல்லலீங்கப்பா. பேச்சு பேச்சுத்தானுங்க. அத்தைக்குச் சொல்லி அனுப்புங்க.”

தைப்பூசத்தன்று அத்தை தட்டத்தோடு வந்தாள். பெரியவர்கள் உள்ளே நாள் பார்த்துக்கொண்டிருந்தபோது ஆறுச்சாமி களத்து மேட்டுக்கு வந்து, கமலாத்தாளுக்கு எட்ட நின்று, மோட்டார் சைக்கிள் சாவியைக் கையில் உருட்டினான்.

“கமலா, ஒண்ணு கேக்கோணும். மாமன் சொன்னாருங்கறதுக்காக நீ வயித்தெரிச்சலோட கட்டிக்கிட்டதா இருக்கக் கூடாது. உனக்கு அந்த மிசினு வேலைதான் புடிச்சுதுன்னு எனக்குந் தெரியும். மனசுல இஷ்டமில்லீன்னா இப்பவே எங்கிட்டச் சொல்லிப்போடு. உம்பேரு வெளிய வராது. எனக்குத்தான் வேண்டாம்னு அம்மாகிட்ட நான் சொல்லிக்கறேன். ஒருத்தர் மேலயும் வருத்தமில்லை.”

கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றான் அந்த மனுஷன். அவளுக்குத் தொண்டை வரைக்கும் வந்தது. ஆனால் இங்கிருந்து வெளியே போய் எங்கே நிற்பது? நிற்க ஓர் இடம் இருந்தது, அதைச் சக்குபள்ளத்தில் விட்டுவிட்டு வந்தாயிற்று. உள்ளே அப்பா, பல மாதத்துக்கு அப்புறம், சத்தமாகச் சிரித்துக்கொண்டிருந்தார்.

“அதெல்லாம் இல்லீங்க மாமா. புடிச்சுத்தான் செரின்னேன்” என்றாள்.

குரல் கொஞ்சம்கூட நடுங்கவில்லை. அதுதான் அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. ஒரு நல்ல மனுஷன் முகத்தைப் பார்த்துக்கொண்டு இப்படிச் சொல்வதற்குப் பெரிய கல்நெஞ்சு வேண்டும் என்று அவள் நினைத்திருந்தாள். ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. வாய் தானாகவே சொல்லிவிட்டது.

ஆறுச்சாமியின் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. பாரம் இறங்கினவனாக வண்டியில் ஏறி உட்கார்ந்தான். “அப்பச் செரி. மத்தவங்க சொன்னா நம்பியிருக்க மாட்டேன். நீ பொய் சொல்ல மாட்டீன்னு எனக்குத் தெரியும்” என்று சொல்லிவிட்டு உதைத்துக் கிளப்பினான்.

அந்த வண்டி வாய்க்கால் மேட்டைத் தாண்டும்வரை கமலாத்தாள் சிரித்த முகமாகவே நின்றிருந்தாள்.